அஞ்சறைப் பெட்டியும் முதலுதவிப் பெட்டியும்

முதலுதவி என்னும் சொல்லைத் தமிழாசிரியர் ஒருவர் கரும்பலகையில் பிரித்து எழுதிக் காட்டுவாராயின், அதில் முதல் உண்டு, உதவி உண்டு, மருந்து இல்லை என்பது மாணவர்க்கு எளிதிற் புலப்படும். ஆயினும் செங்காங்கிலோ சிராங்கூன் சாலையின் சுற்றுப்புறத்திலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம் முதலுதவிப் பெட்டி எங்கே என்று வினவினால், அவர்கள் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் மருந்துப் பெட்டியாகவே இருக்கும். தலைவலி மாத்திரையும், பாதி தீர்ந்த இருமல் மருந்தும், கோடாலித் தைலக் குப்பியும், ஓரிரண்டு பிளாஸ்திரியும் அதனுள் கிடக்கும். குருதி பெருக்கெடுக்கும்போது அழுத்திக் கட்டுவதற்கு ஒரு முழத் துணி அதில் இராது. இம்மயக்கம் நேற்றுத் தோன்றியதன்று; தமிழர் கடல் கடந்து வந்த வரலாற்றோடு பின்னிக் கிடப்பது.

காயத்துக்கு உடனே செய்ய வேண்டுவதைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்பிற் பட்ட விழுப்புண்ணை நெடிய வெண்ணிற ஊசியால் தைத்த வீரரைக் காட்டுகிறார். குளத்து நீரிற் பாய்ந்து எழும் மீன்கொத்தியை அவ்வூசிக்கு உவமையாக்கியது, தைப்பதை அருகிருந்து கண்ட கண் ஒன்று இருந்தமையைச் சொல்லாமற் சொல்லுகிறது. புண்ணின்மேல் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரரைப் புறநானூறு குறிப்பிடுகிறது. அதே நூலின் 281ஆம் பாடலில், புண்பட்டவன் கிடக்கும் மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடிக் காக்கின்றனர். பேய் அணுகாமைக்குச் செய்தவை எனினும், நோயாளியைத் தனியே விடாது இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்தனர் என்பது கருதத்தக்கது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் உடனிருந்து மருந்தூட்டுபவனை நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணியது. மருந்து மட்டும் போதாது, அருகே ஒரு கை வேண்டும் என்பதை வள்ளுவர் விட்டுவிடவில்லை.

மருந்தை முன்கூட்டியே சேமித்து வைக்கும் வழக்கத்திற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கல்வெட்டு சிறந்த சான்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், பணிப்பெண்டிர் இருவர் என்று பணியாளரைக் கணக்கிடுவதோடு, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என நீளும் அப்பட்டியலைப் படிக்கும்போது, தீர்ந்துபோகுமுன் நிரப்பி வைக்கும் கவலை ஒரு பேரரசின் கவலையாகவே இருந்தது விளங்கும்.

ஆனால் ஆதுலர் சாலை ஊருக்கு ஊர் இருந்ததில்லை. சிற்றூரில் அதன் வேலையைச் செய்தது அடுப்படியிலிருந்த அஞ்சறைப் பெட்டி. மிளகும் சீரகமும் மஞ்சளும் சமையலுக்கு வந்தவையே. நள்ளிரவில் குழந்தை வயிற்றுவலியால் வீறிட்டபோது அவையே மருந்தாயின. ஓமமும் சுக்கும் பெருங்காயமும் அருகிலிருந்தன. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று பெண்கள் அழைத்தனர். இரவில் அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். மருத்துவர் வரமாட்டார் என்று தெரிந்த வீட்டில் பெட்டியே மருத்துவர் ஆக வேண்டியிருந்தது. அந்நிலையில் முதலுதவி வேறு, மருத்துவம் வேறு என்னும் பிரிவு எழ இடமேயில்லை.

இந்த மனநிலையோடுதான் தமிழர் கப்பலேறினர். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலின் மேல்தளப் பயணிகள், தகரப் பெட்டியோடு சிறு மருந்து முடிச்சையும் சுமந்து வந்தனர். 1893இல் காசிநாதுனி நாகேசுவர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனத்தின் மஞ்சள் தைலம் தமிழ்நாட்டு வீடுகளில் வேரூன்றியிருந்தது. இக்கரையிலோ அதற்கு இணையான இரு பொருள்கள் காத்திருந்தன. இரங்கூனிலிருந்து 1926இல் சிங்கப்பூருக்கு இடம் பெயர்ந்த ஆவ் பூன் ஹாவ் சகோதரர்களின் புலித்தைலம் ஒன்று. 1928இல் லியுங் யுன் சீ இங்கேயே தொடங்கிய கோடாலித் தைலம் மற்றொன்று. புலியும் கோடாலியும் எழுத்தறியாதவரும் கண்டறியும் சின்னங்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கடையில் படத்தைச் சுட்டிக்காட்டி வாங்கினர். ஊர் திரும்பும் தமிழர் உறவினர்க்குக் கொண்டுசென்ற பொருள்களுள் கோடாலித் தைலம் தப்பாது இடம்பெற்றது. சிங்கப்பூர் என்றதும் அந்தப் பச்சைத் தைலத்தின் மணமே நினைவுக்கு வரும் முதியோர் தமிழ்நாட்டில் இன்றும் உளர்.

அத்தைலங்கள் தரும் ஆறுதலைக் குறைத்துப் பேச வேண்டுவதில்லை. ஆயினும் அவை வலியைத் தணிப்பனவே. வெட்டுக் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் அவை உரியனவல்ல. கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தடவுவதும் தீங்காகலாம். பயணப் பெட்டியின் முதன்மையிடத்தை அவை பிடித்துக்கொண்டதனால், பெட்டி நிறைந்துவிட்டது என்ற நிறைவு பலர்க்கும் எளிதாக வந்துவிட்டது.

வேறொரு வகைப் பெட்டி ஐரோப்பியப் போர்க்களங்களிலும் அமெரிக்க இருப்புப்பாதைகளிலும் உருவாயிற்று. செருமானிய அறுவை மருத்துவர் பிரெடெரிக் எசுமார்க்கு, ஒரு முக்கோணத் துணியை முதலுதவியின் முதற்கருவியாக்கினார். தலைக்கும் கைக்கும் காலுக்கும் அதனைக் கட்டும் முறைகளை அத்துணியின் மேலேயே படங்களாக அச்சிடச் செய்தது அவருடைய நுண்ணறிவு. படிக்கத் தெரியாத வீரனும் படத்தைப் பார்த்துத் தோழனுக்குக் கட்டிவிடலாம். 1877இல் இங்கிலாந்தில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் கழகம் தோன்றிப் பொதுமக்களுக்குப் பயிற்சி தந்தது. 1882இல் எசுமார்க்கு கீல் நகரில் இதற்கெனப் பள்ளியே நிறுவினார். 1888இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம், மருத்துவமனைக்கு நெடுந்தொலைவில் வேலை செய்து காயமுற்ற இருப்புப்பாதைத் தொழிலாளரை எண்ணி முதலுதவிப் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. 1920இல் அந்நிறுவனத்தின் ஊழியர் எர்ல் டிக்சன், சமையலின்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவிக்காக ஒட்டும் பட்டையில் சிறு துணித்துண்டை வைத்து ஆயத்தப்படுத்தியதே பின்னர் உலகெங்கும் பரவிய பிளாஸ்திரி.

இப்பெட்டி நோயைத் தீர்க்க முனையவில்லை. குருதியை நிறுத்து, புண்ணை மூடு, எலும்பை அசையாமல் தாங்கு, பின் மருத்துவரிடம் ஒப்படை என்பதே அதன் நோக்கம். மருத்துவர் வருவார் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த பெட்டி அது. அஞ்சறைப் பெட்டியோ அவர் வரமாட்டார் என்ற உறுதியின் மேல் எழுந்தது.

இருப்புப்பாதைத் தொழிலாளர்க்கென்று பிறந்த பெட்டி, வேறோர் இருப்புப்பாதையில் தமிழர்க்குக் கிட்டாமற் போயிற்று. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் காற்புண்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின. மூங்கில் கீறிய சிறு கீறலே எலும்பு தெரியும் புண்ணாயிற்று. போர்க்கைதிகளும் அங்கே சொல்லொணாத் துன்பமுற்றனர். ஆனால் அவர்களிடையே மருத்துவர் இருந்தனர். பழந்துணியைக் கொதிக்க வைத்துக் கட்டினர். கரண்டியால் புண்ணைச் சுரண்டித் தூய்மை செய்தனர். நீரைக் காய்ச்சியே குடிக்கச் செய்தனர். தோட்டத்தில் டிரெஸ்ஸர் கையால் கட்டுப்போட்டுப் பழகிய தமிழ்த் தொழிலாளிக்கோ அக்காட்டில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. 1943இன் நடுவில் சாங்கியிலிருந்த போர்க்கைதிகளுள் மருத்துவரும் உதவியாளருமாக இரு குழுக்கள் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. அதற்குள் காலம் கடந்திருந்தது. கைதிகளைவிடத் தொழிலாளர் மிகுதியாக மடிந்தமைக்கு அவர்களுடைய உடல் வலிமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. கொதித்த நீரும், தூய துணியும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரும் அவர்களிடையே இல்லாமற் போனமையே பெருங்காரணம்.

போருக்குப் பின் 1949இல் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை சிங்கப்பூரில் அமைந்தது. 1973இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அது சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கமாயிற்று. முதலுதவிப் பயிற்சி மெல்லப் பரவியது. அதன் அருமையைத் தமிழர் தம் வாசலிலேயே கண்டது 1986 மார்ச் 15ஆம் நாள். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்குமிடத்தில், நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் முற்பகலில் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். தேக்காவுக்கு வந்துபோவோர் நாள்தோறும் கடந்த சாலை அது. பளுவான பொறிகள் இடிபாட்டை மேலும் சரித்துவிடும் என்று அஞ்சியபோது, பெருவிரைவு ரயில் சுரங்க வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் குடைந்து சென்று பலரை மீட்டனர். நூறு வீடுகளில் நூறு பெட்டிகள் இருந்திருப்பினும் அவ்விடிபாட்டைப் புரட்டியிரா என்பது உண்மையே. எனினும் உதவி வந்து சேர்வதற்குச் சில நாழிகையாவது ஆகும் நிலை நகரின் நடுவிலும் வரக்கூடும் என்பதை அந்நாள் காட்டியது. குடிமைத் தற்காப்பு என்னும் சொல் வெறும் அரசாங்கச் சொல்லாக இராமல் வீட்டுக்குள் புகுந்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

செங்காங்கின் கதை இதனைச் சற்று வேறு கோணத்தில் காட்டுகிறது. மீனவர் கம்போங்கும் தோட்டங்களும் பண்ணைகளுமாய்க் கிடந்த அப்பகுதி, 1990களில் புதுநகராயிற்று. 2003இல் ரயில் வந்தது. பெருமருத்துவமனையோ 2018இல்தான் அங்கு திறக்கப்பட்டது. அதற்கு முன் நெருக்கடிக்கு வேறு வட்டாரம் செல்ல வேண்டியிருந்தது. 2015இல் குடிமைத் தற்காப்புப் படை தொடங்கிய திட்டத்தின்படி, சீர்குலைந்த இதயத் துடிப்பை மின்னதிர்வால் சீராக்கும் கருவியை வீவக கட்டடங்களின் மின்தூக்கித் தளங்களில், இரு கட்டடங்களுக்கு ஒன்றாக, வைக்கலாயினர். இதயம் நின்றபின் அதிர்வு தரத் தாழ்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும் என்பது மருத்துவர் கணக்கு. 995 என்ற எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரும் நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும் அந்தச் சில நிமிடங்கள் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் உரியவையே.

ஆகவே இன்றைய வீட்டுப் பெட்டியில் முதலிடம் பெறத் தக்கவை: தூய காயத்துணி, பஞ்சு வைத்த பெரிய கட்டு, சுருள் கட்டு, முக்கோணத் துணி, ஒட்டுப்பட்டை, கத்தரிக்கோல், கையுறை, கழுவ உப்புநீர்க் குப்பி. காய்ச்சல் மாத்திரையும் தைலமும் வேறொரு பெட்டியில் இருக்கட்டும். சூடுபட்ட கைக்குக் காப்பித்தூளும் பற்பசையும் தடவும் பழக்கம் தமிழ் வீடுகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிடுவதே அதற்கு முதலுதவி. அதற்குப் பெட்டியும் வேண்டா.

காரில் வைக்கும் பெட்டிக்கு வெயில் பகை. மூடிய கார் சிங்கப்பூர் வெயிலில் நின்றால் மாத்திரை வீரியம் இழக்கும், பிளாஸ்திரியின் பசை உருகும். எனவே அங்கே துணியும் கட்டும் கைவிளக்கும் போதும். ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றைப் பார்த்து மாற்றுதல் வேண்டும். பயணப் பெட்டிக்கு வேறு சிக்கல். தம் வழக்கமான மருந்தை மருத்துவர் சீட்டோடு, மருந்தின் உறையோடு எடுத்துச் செல்வது நலம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாட்டியின் முடிச்சில் கசகசா இருந்தால் அதை விட்டுவரச் சொல்வது பேரப்பிள்ளைகளின் கடமையாகும். அஞ்சறைப் பெட்டியின் அந்தப் பழைய உறுப்பு, அபினிக் கூறு காரணமாகச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருள்.

நாட்டின் கட்டுமானத் தளங்களில் தமிழ்நாட்டு இளைஞர் பலர் உழைக்கின்றனர். அங்கு வைக்கப்படும் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால், எசுமார்க்கின் முக்கோணத் துணி இன்றும் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். துணியின் வடிவம் மாறவில்லை. கட்டும் முறையைக் காட்டும் படங்கள் மட்டும் பெரும்பாலும் அதன்மேல் இல்லை.