கப்பலுக்கு வரிக்குதிரை வேஷம்... 10 அடி உயர ஓவியம்! பின்னணி என்ன?

கண்டிப்பான அப்பாவை 'எம்டன்' என்பது நம்ம ஊர் வழக்கம். கோடம்பாக்கம் 2006-ல் எடுத்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய் டேங்குகளைச் சுட்டு எரித்தது. அடுத்த மாதமே, தனக்கிருந்த 3 புகைபோக்கிகளோடு நாலாவதாக ஒரு டம்மியை மாட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

மூன்று வருஷம் கழித்து பிரிட்டனும் தன் கப்பல்களுக்கு வேஷம் கட்டியது. அதை வரைந்த ஓவியம்தான், எட்வர்ட் வாட்ஸ்வொர்த்தின் 'லிவர்பூல் டிரை டாக்கில் டாஸில் கப்பல்கள்' (1919).

அது என்ன 'டாஸில்'?

1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. வானமும் கடலும் நிறம் மாறிக்கொண்டே இருப்பதால் கப்பலை மறைக்க முடியாது. அப்போது ஓவியர் நார்மன் வில்கின்சன் சொன்ன யோசனை: மறைக்க வேண்டாம், குழப்புவோம்!

டார்பிடோ போய்ச் சேர நேரம் ஆகும். அதனால் கப்பல் இப்போது இருக்கும் இடத்தை அல்ல, போகப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். தாறுமாறான கோடுகளும் பட்டைகளும் அடித்துவிட்டால், கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்கே தப்பும். லண்டன் ராயல் அகாடமியில் குட்டி மர மாடல்களுக்கு பெயிண்ட் அடித்து, பெரிஸ்கோப் வழியே சோதித்தார்கள்.

ஓவியருக்கு என்ன வேலை?

நவீன ஓவியரான வாட்ஸ்வொர்த், துறைமுகத்தில் பெயிண்டிங் வேலையை மேற்பார்வை பார்த்தவர். அதனால்தான் சுமார் 10 அடி உயர ஓவியத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு கப்பல் நிமிர்ந்து நிற்க, பெயிண்ட் அடிக்கும் ஆட்களும் பொடிசாகத் தெரிகிறார்கள். கனடாவின் போர் நினைவு ஓவியத் திட்டத்துக்காக வரைந்தது இது.

பலன் கிடைத்ததா?

உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் போன மாலுமிகளுக்குத் தைரியம் கூடியது. எந்த நிமிஷமும் டார்பிடோ வரலாம் என்ற பயத்தோடு கடலில் போனவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போர் முடிந்ததும் கப்பல்களின் வேஷம் கலைந்தது. ஓவியம் மட்டும் இன்றும் ஒட்டாவாவில், கனடா தேசிய ஓவியக் கூடத்திடம் இருக்கிறது.