பதிப்புக் காவலும் கைபேசியும்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் நாலந்தா. அவ்வூரின் பெயரைப் பிறநாட்டாரும் அறியச் செய்வது ஆங்குள்ள கற்றளியாகிய நாலந்தா கெடிகே. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதும் இக்கட்டடம், பௌத்தர்க்குரியதாயினும், பல்லவர் கலைமரபின் சாயல் பொருந்தியது. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது கெடிகே நின்ற தாழ்நிலம் நீரில் மூழ்கும் நிலை எய்தியது. ஆகவே 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்ததோர் இடத்தில் மீண்டும் அடுக்கத் தொடங்கினர். 1980இல் அப்பணி நிறைவெய்தியது.

ஒவ்வொரு கல்லும் முன்னர் நின்ற இடம் யாது, அதன் அயலில் நின்ற கல் யாது என்பன தெரிந்திருந்தாலன்றி இத்தகைய பணி கைகூடாது. குறிப்பின்றிப் பிரித்த கோயில் கற்குவியலேயாகும். கல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை எழுத்துக்கும் பொருந்தும். ஒரு நூலோ கணக்கேடோ கணினி நிரலோ நாள்தோறும் திருத்தம் பெறுகின்றது. எத்திருத்தம் எப்போது யாரால் எக்காரணம் பற்றிச் செய்யப்பட்டது என்னுங் குறிப்பு இல்லையேல், தவறு நேர்ந்தவிடத்து முந்திய நிலைக்கு மீளுதல் இயலாது. இக்குறிப்பைத் தவறாது பேணும் மென்பொருளையே பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என வழங்குவர். பெருங்கணினிகளிற் பிறந்த அது கைபேசிக்குள்ளும் கைக்கணினிக்குள்ளும் குடிபுகுந்த வரலாற்றையும், அதனால் நம்மனோர்க்கு விளையும் பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் பாடபேதமும்

பதிப்பைக் காத்தல் நம் நாட்டுக்குப் புதியதொன்றன்று. மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில், வலகம்பா மன்னன் காலமாகிய கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகப் போற்றப்பட்ட திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது. பஞ்சத்தாலும் போராலும் நெட்டுருப் பண்ணிய துறவிகள் மடிந்துபோக, அவர்களோடு நூலும் மறையுமென்ற அச்சமே அதற்கு ஏதுவாயிற்று. மனிதர் நினைவில் மட்டுமிருந்த பொருள் இவ்வாறு கையிற் கொண்டு செல்லத்தக்க பொருளாயிற்று.

ஆயினும் ஓரிடத்துச் சேர்த்த செல்வம் ஓரிடத்தே அழியக்கூடும். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரை பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஆங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறு படியில்லாதன பலவாகும். அந்நூல்களுக்கு வேறிடங்களில் முழுப்படிகள் இருந்திருப்பின் இழப்பு கட்டடத்தளவில் நின்றிருக்கும்.

படிகள் பலவாயின் வேறோர் இடர் தோன்றும். ஏடெழுதுவோர் பிழையாலும் கருத்தாலும் ஒரு நூல் பல வடிவம் எய்தும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைத் தெரிதல் அக்காலப் பதிப்பாசிரியர்க்கு ஆண்டுக்கணக்கான உழைப்பாயிற்று. எந்த ஏடு எந்த ஏட்டினின்று படியெடுக்கப்பட்டது என்னுங் குறிப்பு ஏட்டிலேயே இருந்திருப்பின் அவ்வுழைப்பிற் பெரும்பகுதி குறைந்திருக்கும்.

இவற்றால் இரண்டு தேவைகள் பெறப்படும். படிகள் பலவாக, பலவிடத்தும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அப்படிகளுக்கிடையேயுள்ள உறவும் வேற்றுமையும் ஐயமின்றி அறியக் கிடத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

கணினியிற் பதிப்புக் காவல்

கணினி நிரல்களை எழுதத் தலைப்பட்டோர் இத்தேவைகளை விரைவில் உணர்ந்தனர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பார் 1972இல் ஆக்கிய எஸ்.சி.சி.எஸ். என்னும் நிரலே இத்துறையில் முன்னோடியென்பர். 1982இற் பேடூ பல்கலைக்கழகத்து வால்ட்டர் டிஹி ஆக்கிய ஆர்.சி.எஸ். அண்மைப் பதிப்பை முழுமையாகவும், முந்தியவற்றை வேற்றுமை வடிவிலும் சேமித்தது. 1986இற் டிக் க்ரூனே தொடக்கிய சி.வி.எஸ். பலர் ஒரே வேளையில் ஒரு நிரலைத் திருத்த வழிவகுத்தது.

இவற்றிலும், 2000இல் தொடங்கிய சப்வேர்ஷனிலும், முழு வரலாறும் ஒரே நடுவண் களஞ்சியத்தில் இருந்தது. பணிபுரிவோரிடம் இருந்தது ஒரு நிலையின் படியே. களஞ்சியத்தோடு தொடர்பறுந்தால் திருத்தத்தைப் பதிவு செய்தலும் வரலாற்றை ஆராய்தலும் தடைப்படும். அலுவிகாரையின் இடர் கணினியிலும் தொடர்ந்தது எனலாம்.

இம்முறையைப் பெருவழக்காக மாற்றியது 2005ஆம் ஆண்டு. லினக்ஸ் கருநிரலை ஆக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005 ஏப்பிரலில் அவ்வுரிமை நிறுத்தப்படவே, லினஸ் டொர்வால்ட்ஸ் சில நாட்களுள் கிட் என்னும் புதிய நிரலைத் தாமே ஆக்கத் தொடங்கினார். அவ்வாண்டு யூலை தொட்டு யூனியோ ஹமானோ அதனைப் பேணி வரலாயினார். அதே ஏப்பிரலில் மாட் மக்கோல் ஆக்கிய மேர்க்கூரியலும் வெளிவந்தது.

கிட் முறையில் களஞ்சியத்தைப் படியெடுப்போன் அதன் முழு வரலாற்றையும் பெறுகின்றான். ஒவ்வொரு பதிவும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பெற்ற 40 குறிகளாலான ஒரு முத்திரையைப் பெயராகக் கொள்ளும். அம்முத்திரைக் கணிப்பில் முந்திய பதிவின் முத்திரையும் அடங்கும். ஆகவே பழைய பதிவொன்றை எவரேனும் மறைவாக மாற்றின், அதன் பின்வந்த முத்திரைகள் யாவும் மாறிக் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். மேற்கூறிய இரு தேவைகளும் இங்கு ஒருங்கே நிறைவேறுகின்றன.

அக்காலத்தில் இலங்கையில் நிகழ்ந்ததொன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய சில வாரங்களுள், லங்கா மென்பொருள் மன்றத்தின் ஒருங்கிணைப்பில் இந்நாட்டுத் தன்னார்வலர் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விவரங்களை அது தொகுத்தது. திறந்த நிரலாதலின் 2005இற் பாக்கித்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஒருவரையொருவர் நேரிற் காணாத பலர் ஒரே நிரலைத் திருத்திய அத்தகைய பணி, பதிப்புக் காவலின்றி ஒழுங்குபெற்றிராது.

கைபேசியை அடைந்த வழி

2008இல் வெளிவந்த முதல் அன்ட்ரொயிட் கைபேசியின் அடித்தளம் லினக்ஸ் கருநிரலே. எந்நிரலைக் காக்கக் கிட் பிறந்ததோ அந்நிரலே கைபேசியினுள் இயங்கிற்று. ஆயினும் கைபேசியில் முனையமும் கட்டளைச் சாளரமும் இல்லாமையாற் கிட்டை நேரே இயக்குதல் எளிதாயிருக்கவில்லை. சோன் பியர்ஸ் தொடக்கிய ஜேகிட் என்னும் ஜாவா வடிவம் முதலில் ஒரு வழி திறந்தது. அன்ட்ரொயிட் செயலிகள் சில அதனைத் தம்முட் பொதிந்து கொண்டன. 2015இல் டெர்மக்ஸ் வந்தபின் நிலை பெரிதும் மாறியது. அது கைபேசிக்குள்ளேயே ஒரு லினக்ஸ் முனையத்தைத் தருவது. அதிற் பொதியொன்றை நிறுவியதும், மேசைக் கணினியில் இயங்கும் அதே கிட் கையில் இயங்கும்.

அப்பிள் கருவிகளில் வழி வேறாயிற்று. கிட் தன் பணியை முடிக்கப் பல சிறு நிரல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக எழுப்புவது. ஐபோனிலும் ஐபாடிலும் சாதாரணச் செயலியொன்று அவ்வாறு வேறு செயல்முறைகளை எழுப்ப இடமில்லை. ஆகவே கிட்டின் வினைகளை நூலக வடிவில் தரும் லிப்கிட்2 அங்குக் கைகொடுத்தது. 2014இல் வெளிவந்த வேர்க்கிங் கொப்பி அதன் துணைகொண்டு களஞ்சியங்களைப் படியெடுக்கவும், திருத்தவும், பதிவு செய்யவும் இடமளித்தது. பின்வந்த ஏஷெல் என்னுஞ் செயலியும் அந்நூலகத்தையே கொண்டது. 2020இல் அப்பிள் கடையில் இடம்பெற்ற ஐஎஸ்எச் என்பதோ, வேறொரு செயலியகத்தையே போலச்செய்து அதன்மேல் லினக்ஸை இயக்கியது.

கிட்ஹப் நிறுவனம் 2020இல் வெளியிட்ட கைபேசிச் செயலியை இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணலாகாது. அது தொலைவிலுள்ள களஞ்சியத்தைக் காட்டும் சாளரம். களஞ்சியத்தைக் கையில் வைத்துக் காப்பதன்று. வலைத்தொடர்பு அற்றவிடத்து இவ்வேறுபாடு புலனாகும்.

இடர்ப்பாடுகள்

இவ்வழியில் முட்கள் இல்லாமலில்லை. அன்ட்ரொயிட் 10 முதல் வந்த பாதுகாப்பு விதி, செயலி தன் தரவிடத்தில் இறக்கிய நிரல்களை இயக்குவதை மட்டுப்படுத்தியது. அதனால் 2020இன் பிற்பகுதி தொட்டு டெர்மக்ஸ் கூகிள் கடையிற் புதுப்பிக்கப்படாது நின்றது; பயனர் எவ்-ட்ரொயிட் களஞ்சியத்தை நாட வேண்டியதாயிற்று. 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12, செயலிகள் எழுப்பும் துணைச் செயல்முறைகளின் தொகையை 32 என வரையறுத்தது. வரம்பு மீறின் இடைநடுவே நிறுத்தியது. அன்ட்ரொயிட்டின் பொதுச் சேமிப்பிடத்தில் கோப்பு உரிமைகள் சரிவர நிலையாமையால், தொடாத கோப்பும் மாறியதாகத் தோன்றுவதுண்டு. களஞ்சியத்தை டெர்மக்ஸின் சொந்த இடத்தில் வைத்தல் இதற்கு மருந்தாம். பெருங்களஞ்சியங்கள் சிறு கருவியின் இடத்தை விழுங்குமாதலால், அண்மைப் பதிவை மட்டும் பெறும் மேலோட்டப் படியெடுப்பை மேற்கொள்வர். அவ்வாறு பெற்ற படியில் முழு வரலாறு இராது என்பதை மறத்தலாகாது. 2021 ஆகத்து முதல் கிட்ஹப் கடவுச்சொல்லைக் கட்டளை வழி ஏற்காமையால், சாவியொன்றை அல்லது அனுமதிச் சீட்டொன்றைக் கருவியில் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கே உரிய இடர்களும் உள. தமிழிற் பெயரிட்ட கோப்புகளைக் கிட் இயல்பாக எண்குறிகளாகவே காட்டும். அமைப்பொன்றை மாற்றிய பின்னரே எழுத்துத் தோன்றும். ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிட்டுக்கோ வெவ்வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையாலும் மற்றொருவர் வேறொன்றாலும் திருத்தின், இல்லாத பாடபேதம் தோன்றிவிடும். அன்றியும் கிட் வரிவரியாக ஒப்புநோக்குவது. பந்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதின், ஓர் ஒற்று மாறினும் பந்தியே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரியென எழுதின் திருத்தம் தெளிவாகப் புலப்படும். குறியீட்டு முறையை முன்னரே வகுத்துக்கொள்ளல் தமிழ் நூல்களை இம்முறையிற் பேணுவோர்க்கு இன்றியமையாதது.

பயனும் வரம்பும்

கைபேசி எழுதுதற்குரிய கருவியன்று, ஆதலின் அதிற் பதிப்புக் காவல் வீண்முயற்சியே என்பாரும் உளர். சிறு திரையிற் பெருநிரல் எழுதுதல் கடினமென்பது மெய்யே. விசைப்பலகை பூட்டிய கைக்கணினியில் அக்கடினம் ஓரளவு குறையும். ஆனால் இக்கூற்று, மேசைக் கணினியும் கைபேசியும் ஒருங்கே உடையோரை மனத்திற்கொண்டு எழுந்தது. இலங்கையிற் கைபேசி உள்ள இல்லங்களிலும் கணினி உள்ள இல்லங்கள் மிகக் குறைவு. 2020இற் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபின், மாணவர் பலர்க்குக் கைபேசியே வகுப்பறையாயிற்று. மலைப்பகுதிகளிற் பிள்ளைகள் அலை தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறினர். அத்தகைய மாணவனுக்குத் தெரிவு நல்ல கருவிக்கும் சிறு கருவிக்கும் இடையிலன்று. சிறு கருவிக்கும் வெறுங்கைக்கும் இடையிலேயே.

நாலந்தா போன்றதோர் ஊரில் அலை எட்டாத வீட்டில் இருப்போனும், முழுக் களஞ்சியமும் கையில் உள்ளதாயின், பகலெல்லாம் திருத்திப் பதிவு செய்யலாம். அலை கிடைக்கும் இடத்தை அடைந்ததும் அவற்றை ஒருங்கே அனுப்பலாம். நடுவண் களஞ்சிய முறையில் இது கைகூடியிராது. ஊர்க் கோயிலின் கல்வெட்டுப் படியோ, முதியோர் சொல்லும் நாட்டார் கதையோ, பள்ளிச் சஞ்சிகையின் மெய்ப்போ, எதுவாயினும் திருத்தியோர் பெயரோடும் நாளோடும் நிலைபெறும்.

ஆயினும் கைபேசி தவறி வீழ்வது, நீரில் நனைவது, களவு போவது. அதிலுள்ள களஞ்சியம் வேறோர் இடத்துக்கு அனுப்பப்படாதவரை அதுவும் ஒற்றைச் சுவடியே. மென்பொருள் வழியைத் தருமேயன்றி வழக்கத்தைத் தராது. படியெடுத்தலையும், திருத்தத்தின் காரணத்தை ஒரு வரியிலேனும் எழுதிவைத்தலையும், பிறர்க்குப் படியளித்தலையும் பள்ளிப் பருவத்திலேயே பயிற்றுதல் ஆசிரியர் கடன். அலுவிகாரையிலும் யாழ்ப்பாணத்திலும் அழிந்தவற்றை மீட்க இன்று எவராலும் இயலாது. இனி எழுதப்படுவன அவ்வாறு அழியாமற் காத்தல் மட்டும் நம் கைக்குள் அடங்கியது.