யாழ்ப்பாணத்துப் பெண்மக்களும் இசைக்கல்வியும்

யாழ் என்னும் இசைக்கருவியின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட நாடு யாழ்ப்பாணம். யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடரே இந்நாடென்பது வழிவழி வந்த ஐதிகம். இசைக்குப் பரிசிலாய் அமைந்ததெனப்படும் இந்நாட்டிலே, பெண்மக்கள் இசை பயில்வதற்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தமை ஏன் என்பது ஆராயத்தக்கது.

இத்தடை தமிழ்மரபிற் தொன்றுதொட்டு வந்ததன்று. சங்க நூல்களிலே பாணரோடு பாடினியரும் விறலியரும் ஒருங்கு பேசப்படுகின்றனர். காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் பண்ணோடு அமைந்தவை. தேவாரப் பண்கள் மறைந்துபோக, அவற்றை மீண்டும் வகுத்தளித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த ஒரு பெண்ணே எனத் திருமுறை கண்ட புராணம் கூறும். சைவர் நாள்தோறும் ஓதும் பண்களைப் பேணித் தந்தவள் ஒரு பெண் என்று போற்றிய சமயமே, தன் வீட்டுப் பெண்களைப் பாடாதே என்று தடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் பிறந்த பெண்குழந்தைக்கு இசை அரிய பொருளன்று. தாலாட்டிலே அவள் கண்வளர்ந்தாள். தோட்டத்திலே துலா மிதிப்போர் பாடும் பாட்டு விடியலில் அவள் செவிக்கு எட்டிற்று. மார்கழி வைகறையிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோர் குரல் படலையடியிற் கேட்டது. கோயிற் திருவிழாவிலே நாகசுரமும் தவிலும் இரவெல்லாம் முழங்கின. கந்தபுராண படனத்தைத் தாயின் அருகிலிருந்து கேட்டாள். ஆயினும் பூப்பெய்தியபின் வாய்விட்டுப் பாடுதல் அடக்கமின்மையாகக் கருதப்பட்டது. கேட்கும் உரிமை இருந்தது. பாடும் உரிமை இல்லை. ஒப்பாரி ஒன்றே அவள் ஊரறியக் குரலெடுப்பதற்கு இசைவளித்தது.

இதற்குக் காரணங்கள் பல. ஆடலும் பாடலும் கோயிற் கணிகையரின் தொழிலென எண்ணப்பட்டன. ஆறுமுக நாவலர் முதலிய சீர்திருத்தக்காரர் கோயில்களிற் கணிகையர் ஆடுதலைக் கடிந்தனர். அக்கண்டனம் தொழிலோடு நில்லாது கலையின்மீதும் படிந்தது. மேலும், கருவியிசை குலத்தொழிலாகச் சில குடும்பங்களுக்கே உரியதாயிருந்தமையின், ஏனையோர் அதனைப் பயில்வது தகுதிக் குறைவெனப்பட்டது. இளமை மணமும் பயிற்சியை இடையில் அறுத்தது. நாட்டுக்கூத்திலே பெண்வேடங்களையும் ஆடவரே புனைந்தாடினர்.

பள்ளிக்கூடமே முதலில் இக்கதவைத் திறந்தது. அமெரிக்க மிசன் 1824 ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவியபோது பிள்ளைகளைச் சேர்ப்பதே அரிதாயிருந்தது. உணவும் உடையும் அளித்ததோடு, கல்வி முடித்த பெண்ணுக்குச் சீதனமும் கொடுக்கவேண்டியதாயிற்று. அங்கே பெண்கள் ஒன்றுகூடிக் கிறித்தவ கீதங்களைப் பாடினர். நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி எழுதற்கு அதன்பின் 65 ஆண்டுகள் சென்றன. அதனை 1913 இல் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே, பின்னர்ப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதலை எதிர்த்தார். அக்காலத்துப் பெண்கல்வி நல்ல இல்லத்தரசியை ஆக்கும் நோக்கினது என்பது இதனாற் புலனாகும்.

பெரியதொரு மாற்றம் 1931 இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியபின் நிகழ்ந்தது. அது தரம் தரமாகப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்கிற்று. ஆசிரியர் தரத்திற் தேறியோர் கலாவித்தகர் எனப்பட்டனர். குலம் பற்றி வந்த கலை பரீட்சை பற்றி வரும் தகுதியாக மாறியமையின், கௌரவம் பேணும் பெற்றோரும் மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப இசைந்தனர். பாடசாலைச் சங்கீத ஆசிரியை என்னும் உத்தியோகம் பெண்ணுக்குச் சொந்த வருவாயைத் தந்தது. 1945 இல் வந்த இலவசக் கல்வி வறியோர் மகளிரையும் வகுப்பறைக்குக் கொணர்ந்தது. இராமநாதன் சங்கீத அக்கடமி 1960 இல் தொடங்கி, 1975 இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது.

எனினும், கற்றல் வேறு, மேடையேறுதல் வேறு. பெண்பார்க்கும் நாளிலே ஒரு கீர்த்தனை பாடுவதற்காகவே பயின்றோர் பலர். மணமானபின் வயலின் பெட்டிக்குள் உறங்கிற்று. தமிழகத்தின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. பிராமணக் குடும்பத்திற் பிறந்த டி. கே. பட்டம்மாள் பொதுமேடையிற் பாடத் தலைப்பட்டதும், ஆடவர்க்கே உரியதென்றிருந்த இராகம் தானம் பல்லவியைப் பாடியதும் துணிவான செயல்களாகவே கொள்ளப்பட்டன. 1928 இல் தோன்றிய சென்னைச் சங்கீத வித்துவ சபை, 1968 இலேயே முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு, சங்கீத கலாநிதி விருதை அளித்தது.

இன்று யாழ்ப்பாணத்தில் இசை பயில்வோருட் பெரும்பாலோர் பெண்களே. 1983 இன் பின் புலம்பெயர்ந்த ஆசிரியைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை கற்பிக்கின்றனர். நாகசுரமும் தவிலும் மாத்திரம் இன்னும் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே உள்ளன.

யாழ்ப்பாணத்து இசை வரலாற்றை எழுதுவோர் வித்துவான்களின் பெயர்களை நிரைப்படுத்துவர். அது வேண்டுவதே. ஆயின், பாடத் தெரிந்தும் பாடாதிருந்த பெண்களின் பெயர் எந்நிரலிலும் இல்லை. அவர்கள் பாடிய தாலாட்டும் ஊஞ்சற்பாட்டும் ஒப்பாரியும் ஊர்தோறும் முதிய மகளிர் நினைவில் இன்னும் எஞ்சியுள்ளன. மாணவர்கள் தத்தம் பேர்த்திமாரிடம் சென்று அவற்றைக் கேட்டு, பாடியவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்தல் வேண்டும். காலந் தாழ்த்தின் அவையும் மறைந்துபோம்.