ஹாஷ் மதிப்பு (மின்னணுச் சான்றியல்)

ஒரு கோப்பிலோ முழு வன்தட்டிலோ உள்ள தரவைக் கணக்கிட்டுப் பெறும், மாறாத நீளமுள்ள குறியீட்டு எண் ஹாஷ் மதிப்பு. தரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எம்டி5 முறையில் இது 32 எழுத்துகளுக்குள் அடங்கும். ஷா-256 முறையில் 64. தரவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். கைப்பற்றிய கைபேசியோ கணினியோ நீதிமன்றம் வரும்வரை திருத்தப்படவில்லை என்று காட்டத் தடயவியலாளர்கள் பெரிதும் சார்ந்திருப்பது இந்த எண்ணைத்தான்.

தடயவியலுக்கென்று பிறந்ததல்ல இது. ரொனால்டு ரிவெஸ்ட் 1991இல் எம்டி5ஐ வடிவமைத்தது மின்கையொப்பங்களுக்காக. ஷா-1 1995இல் அமெரிக்க அரசின் தரநிலையானது. வன்தட்டை, அதில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடுப்புக் கருவி வழியே இணைத்து, பிட் விடாமல் நகலெடுத்து, மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றே என்று உறுதிசெய்தபின் நகலில் மட்டும் ஆய்வு நடத்தும் வழக்கம் இவற்றை நம்பியே வேரூன்றியது.

2004இல் சீன ஆய்வாளர் சியாவ்யுன் வாங் குழுவினர், வெவ்வேறான இரு தரவுகளுக்கு ஒரே எம்டி5 மதிப்பு வரச் செய்து காட்டினர். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 மதிப்புள்ள இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. இதைக் கேட்டதும் பழைய வழக்குகளின் சான்றெல்லாம் பொய்த்துவிட்டதாக எண்ணுவது தவறு. அந்த ஆய்வுகளில் இரண்டு கோப்புகளையும் உருவாக்கியவர்கள் ஒரே தரப்பினரே. ஏற்கெனவே எண் குறிக்கப்பட்ட ஒரு தரவுக்கு, அதே எண் தரும் போலியைத் தயாரிப்பது வேறு, மிகக் கடினமான வேலை; எம்டி5இல்கூட நடைமுறையில் எவரும் அதைச் செய்ததில்லை. ஆயினும் வலுவான முறை கையில் இருக்கும்போது பலவீனமானதை மட்டும் நம்ப நியாயமில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் சேமிப்புக் கருவியிலேயே இருக்கிறது. எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகங்கள், அழிக்கப்பட்ட பகுதிகளைத் தாமாகவே துடைத்துக்கொள்ளக்கூடியவை. 2010இல் ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தின் கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் இருவரும், மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களிலேயே இது நிகழ்வதையும், எழுத்துத் தடுப்புக் கருவியால் இதை நிறுத்த முடியாததையும் எடுத்துக்காட்டினர். யாரும் தொடாமலே எண் மாறலாம் என்றாகிவிட்டது. எண் மாறியதாலேயே சான்றில் கைவைத்தார்கள் என்று குற்றம் சாட்டிவிட இயலாது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்து மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோரியது. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை அன்வர் எதிர் பஷீர் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது. ஆனால் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும் என்று 65பி சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவில்தான் அது வந்தது. பதிவைத் தருபவர் ஒரு பகுதியையும் வல்லுநர் மறுபகுதியையும் நிரப்பும் அதன் சான்றிதழ்ப் படிவத்தில் ஷா-1, ஷா-256, எம்டி5 மூன்றுக்கும் கட்டங்கள் உள்ளன.

இந்தப் படிவத்தை வாசிக்கும் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது எண் கணக்கிடப்பட்ட நேரத்தை. கைப்பற்றிய இடத்திலேயே குறிக்காமல், சில நாள் கழித்து ஆய்வகத்தில் குறித்திருந்தால், இடைப்பட்ட நாள்களில் கைபேசியைத் திறந்தவர் யார், என்ன செய்தார் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அதைக் கைமாற்றப் பதிவேட்டிலும் குறுக்கு விசாரணையிலும்தான் தேட வேண்டும்.