சத்தம் அடங்கும் இடத்தில் திசை

1914 நவம்பர் 9 காலை. சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், ஏழு வாரம் கழித்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைத்துப்போட ஐம்பது பேர் கரையிறங்கினார்கள். ஆனால் அவர்கள் வந்து சேருமுன்பே நிலையத்து ஊழியர்கள் வயர்லெஸ்ஸில் அபயக்குரல் அனுப்பிவிட்டார்கள்.

எம்டனின் வயர்லெஸ் அறையில் யாரும் பதறவில்லை. அவர்கள் காதில் விழுந்த எதிரிப் போர்க்கப்பலின் சிக்னல் மெலிதாக இருந்தது. இருநூறு கடல் மைலுக்கு மேல் தள்ளி இருக்கும், வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்ட சிக்னலை வைத்துப் போட்ட கணக்கு அது. கேட்காத கப்பல்களுக்கு அதில் இடமில்லை. சுமார் 52 கடல் மைல் தொலைவில் ஆஸ்திரேலியத் துருப்புக் கப்பல்களின் அணி வயர்லெஸ்ஸை அடக்கி வாசித்தபடி போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ அபயக்குரலைக் கேட்டதும் திரும்பியது. நண்பகலுக்குள் எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது. 130 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கரையில் மாட்டிக்கொண்ட ஐம்பது பேரும் ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பியது தனிக்கதை.

சிக்னலின் வலுவை வைத்துத் தூரத்தைச் சொல்வது அன்றைய ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்த வேலைதான். அதை நம்பியதுதான் வினை. அனுப்புகிற கருவியின் சக்தி, ஆன்டெனா, பகலா இரவா, நடுவில் கடலா நிலமா என எல்லாமே வலுவை மாற்றிவிடும். பக்கத்திலிருக்கும் சின்னக் கருவியும் தொலைவிலிருக்கும் பெரிய நிலையமும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

திசை அவ்வளவாக ஏமாற்றாது. இத்தாலியர்களான பெல்லினியும் தோசியும் 1907-லேயே சுருள் ஆன்டெனாக்களைக் கொண்டு திசையறியும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் அந்த வித்தை போர்க்களத்துக்கு வந்தது எம்டன் வீழ்ந்த பிறகுதான். 1916 மே 30 அன்று பிரிட்டன் கரையோரத் திசையறி நிலையங்கள், ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் சிக்னல் திசை ஒன்றரை டிகிரி நகர்ந்திருப்பதைக் குறித்தன. கடற்படை துறைமுகத்தை விட்டு வெளியே வருகிறது என்று அதை வைத்தே ஊகித்தார்கள். மறுநாள் ஜட்லாந்து போர்.

அந்தச் சுருள் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள இங்கிலாந்து போக வேண்டியதில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக் குருவிகுளத்துத் திண்ணையில் வைத்த டிரான்சிஸ்டரே போதும். திருநெல்வேலி வானொலி 1963-இல் தொடங்கி மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தது. செய்தி நேரத்தில் இரைச்சல் கூடினால் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். பெட்டிக்குள் படுத்த வாக்கில், செப்புக் கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு ஒன்று இருக்கும். அதுதான் ஆன்டெனா. நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்கே தண்டு நின்றால் குரல் கணீரென்று வரும். தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் குரல் அடங்கிப்போகும்.

திசை தேடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த அடங்கும் இடம்தான். கணீரென்ற பக்கத்தில் பெட்டியை இருபது டிகிரி திருப்பினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அடங்கும் பக்கத்தில் இரண்டு மூன்று டிகிரியே காட்டிக்கொடுத்துவிடும். குருவிகுளத்தில் தண்டு ஏறக்குறைய தெற்கு வடக்காக நிற்கும்போது திருநெல்வேலி அடங்கும். நிலையம் தெற்கிலா வடக்கிலா என்பதைத் தண்டு சொல்லாது. அதற்கு இன்னொரு சாட்சி வேண்டும். தென்கிழக்கே நீட்டினால் தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் அடங்கும். இரண்டு நிலையங்களிலிருந்தும் வரைபடத்தில் கோடு இழுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடம் குருவிகுளம். பல காலம் மாலுமிகள் கரையோர வானொலிக் கலங்கரைகளைக் கேட்டுத் தங்கள் இடத்தைக் கண்டதும் இப்படித்தான். கேட்பவர் இரண்டு இடங்களில் நின்று கோடு இழுத்தால், ஒளிந்திருக்கும் டிரான்ஸ்மிட்டர் அகப்படும்.

அப்படி ஒரு வேட்டை 1942-இல் பம்பாயில் நடந்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்துக்குப் பின், உஷா மேத்தாவும் தோழர்களும் ஆகஸ்ட் 27-இலிருந்து 42.34 மீட்டரில் காங்கிரஸ் வானொலியை ரகசியமாக நடத்தினார்கள். திசையறியும் வண்டிகள் தேடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சிற்றலைகளில் இந்த வேட்டை லேசானதல்ல. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை மேலிருந்தும் வந்து கலப்பதால், சத்தம் அடங்கும் இடமே குழம்பிப்போகும். இதற்கு மாற்றாக ஆட்காக் என்ற ஆங்கிலேயர் 1919-லேயே செங்குத்துக் கம்பிகளாலான ஆன்டெனாவை வடிவமைத்திருந்தார். 1942 நவம்பர் 12 அன்று காங்கிரஸ் வானொலி இருந்த வீட்டில் போலீஸ் கதவை உடைத்து நுழைந்தது. ஆனால் விலாசத்தைக் கொடுத்தது வண்டியல்ல, பிடிபட்ட தொழில்நுட்பக்காரர் ஒருவர்.

தூரத்தை நேரடியாக அளக்கக் கடிகாரம்தான் கைகொடுத்தது. வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். விமான நிலையங்களின் தூரமானியில், விமானம் ஒரு ஜோடித் துடிப்பு அனுப்பும். தரையிலுள்ள கருவி 50 மைக்ரோ நொடி பொறுத்துப் பதில் தரும். போய்வந்த நேரத்தில் அந்த ஐம்பதைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் தூரம் கிடைத்துவிடும். சிக்னல் வலுவா மெலிவா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வலுவுக்கும் பின்னால் ஒரு வேலை கிடைத்தது, அதுவும் திருநெல்வேலிச் சீமையிலேயே. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்காக விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் தொடங்கப்பட்டது. அது ஒலிபரப்பும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை, தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே ஓடுகிறது. டிரான்ஸ்மிட்டரின் இடமும் தூரமும் துல்லியமாகத் தெரியும் என்பதால், வலு ஏறி இறங்கினால் மாறியது வானம்தான் என்று அறிவியலாளர்கள் முடிவுக்கு வரலாம். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தன்று கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் பல ஊர்களில் கருவி வைத்து அந்த சிக்னலைப் பதிவு செய்தார்கள். சில இடங்களில் வலு கூடியது, சில இடங்களில் குறைந்தது.