ரோட்டர் சத்தம்: ஒரு சின்ன சரித்திரம்

ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டுகிறவர்களிடம் பொதுவாக ஒரு புகார் உண்டு. "கையை ஆட்டினா உள்ள ஏதோ கடகடங்குது சார்." எனக்குக் கடிகாரப் பைத்தியம் உண்டு என்பது பிராஞ்சில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்த மாதிரி கேஸ்கள் என் மேஜைக்கு அடிக்கடி வரும். பி.காம். படித்துவிட்டு லோன் ஃபைல் பார்க்கிறவனிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று அவர்களும் யோசிப்பதில்லை, நானும் யோசிப்பதில்லை.

நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "வாங்கின நாளிலிருந்தே கேட்குதா, இப்பத்தான் ஆரம்பிச்சுதா?" சில கடிகாரங்களுக்குச் சத்தம் வியாதி. சிலவற்றுக்கு அது பிறவிக் குணம். பிறவிக் குணத்துக்கு வைத்தியம் பார்த்தால் நல்ல கடிகாரம் கெட்டுப்போகும். வியாதியைக் குணம் என்று விட்டுவிட்டாலும் கெட்டுப்போகும். எது எது என்று பிரிக்க இந்த ரோட்டர் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் போதும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் அரை வட்டமாக ஒரு கனமான தகடு இருக்கும். அதுதான் ரோட்டர். கை அசையும்போது அது நடுவில் உள்ள அச்சைச் சுற்றி ஊசலாடும், சுழலும். அந்தச் சுழற்சி சில பல்சக்கரங்கள் வழியாகப் போய் மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். நாம் சாவி கொடுக்க வேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது.

இந்த யோசனை கைக்கடிகாரத்தைவிடப் பழையது. ஸ்விட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் ஆப்ரஹாம் லூயி பெர்லே என்று ஒருவர் 1770களில் தானே முறுக்கிக்கொள்ளும் பாக்கெட் கடிகாரம் செய்தார். பதினைந்து நிமிடம் நடந்தால் எட்டு நாளைக்கு ஓடும் என்று ஜெனிவா கலைச் சங்கம் 1777-ல் குறித்திருக்கிறது. 1778-ல் லியேஜ் நகரத்து ஹூபர்ட் சார்ட்டோன், சுற்றும் ரோட்டர் வைத்த கடிகாரத்தின் வரைபடத்தை பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொடுத்து வைத்தார். ரோட்டரை முதலில் கண்டுபிடித்தது இந்த இருவரில் யார் என்று கடிகார ஆராய்ச்சியாளர்கள் நடுவில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1780 வாக்கில் பாரிஸில் ப்ரெகே செய்த 'பெர்பெச்சுவல்' கடிகாரங்களில் ஒரு பக்கமாகத் தொங்கும் பிளாட்டினம் எடை மேலும் கீழும் ஆடியது.

இத்தனை கெட்டிக்காரத்தனம் இருந்தும் அது பரவவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். பாக்கெட்டில் கடிகாரம் நேராக நின்றுகொண்டு சும்மா இருக்கும். மனிதன் நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. உட்கார்ந்தே வேலை பார்க்கிற என்னைப் போன்ற ஆளின் பாக்கெட்டில் அது பட்டினிதான். கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்த பிறகுதான் எடைக்கு நாள் முழுக்க ஆட்டம் கிடைத்தது.

அந்த வாய்ப்பைப் பிடித்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் இருந்தவர். சாவி கொடுக்கும் திருகு வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே போய் கடிகாரங்கள் கெடுவதைக் கவனித்து, அந்தத் திருகையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1924-ல் ஸ்விஸ் பேட்டன்ட் கிடைத்தது. 1926-ல் பாசெல் கண்காட்சியில் கடிகாரம் வெளியே வந்தது. அதில் எடை முழு வட்டம் சுற்றாது. கொஞ்ச தூரம் போய் ஒரு சின்ன ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். அதனால் இதை 'பம்பர்' என்பார்கள். கையில் கட்டினால் மெல்லிய 'டொக், டொக்' தட்டல் தெரியும். ஹார்வுட்டின் கம்பெனி 1931-ல், உலகப் பொருளாதார மந்தத்தில் மூடப்பட்டது. ஆனால் பம்பர் முறை அதோடு போய்விடவில்லை. ஒமேகா 1940களிலும் பம்பர்களைச் செய்தது. உங்கள் தாத்தாவின் ஒமேகா 'டொக்' என்றால் பதற வேண்டாம், அது அதன் பாஷை. உலோகத்தில் உலோகம் இடிக்கிற மாதிரி 'டங்' என்று கேட்டால் மட்டும் அந்த ஸ்பிரிங் உடைந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹார்வுட் கம்பெனி மூடிய அதே 1931-ல் ரோலெக்ஸ் முழு வட்டம் சுற்றும் ரோட்டரைக் கொண்டுவந்தது. எமில் போரர் வேலை. முட்டல் இல்லை, ஆகவே 'டொக்' இல்லை. பதிலுக்கு வேறொரு பிரச்சினை வந்தது. கனமான தகடு ஒரே ஒரு மெல்லிய தண்டில் நிற்கிறது. எடை முழுவதும் விளிம்பில். வருடக்கணக்கில் சுற்றினால் தண்டு தேயும். மயிரிழை தேய்ந்தாலும் விளிம்பில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். அப்புறம் ரோட்டர் சாய்ந்து, கீழே பிரிட்ஜையோ மேலே பின்மூடியையோ உரசும். வயதான ஆட்டோமேட்டிக்கில் கேட்கும் 'கரகர'வுக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

இதற்கு ஒரு விடை 1948-ல் எடெர்னாவிடமிருந்து வந்தது. ரோட்டரின் நடுவில் ஐந்து எஃகுக் குண்டுகள் வைத்த பால் பேரிங். ஒவ்வொரு குண்டும் 0.65 மில்லிமீட்டர், எடை ஒரு மில்லிகிராம் அளவு. அந்த ஐந்து புள்ளிகளையே கம்பெனி தன் சின்னமாக வைத்துக்கொண்டது. எடை ஒரு தண்டில் நிற்காமல் பரவியதால் தேய்மானம் குறைந்தது. ஆனால் குண்டுகள் உருளும் சத்தம் புதிதாகச் சேர்ந்தது. அமைதியான அறையில் காதருகே வைத்தால் 'சர்ர்' என்று கேட்கும். அது ஆரோக்கியம்தான். தண்டுக்கும் குண்டுக்குமான இந்தப் போட்டி பல வருடம் ஓடியது. ரோலெக்ஸின் புகழ்பெற்ற 3135 எந்திரம் 1988-ல் வந்தபோதும் தண்டில்தான் நின்றது. 2015-ல் வந்த 3255-ல் பால் பேரிங் வந்துவிட்டது.

இன்னொரு கிளைக்கதை, எந்தப் பக்கம் சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கும் என்பது. 1942-ல் ஃபெல்சாவின் பைடினேட்டர் இரண்டு பக்கச் சுழற்சியையும் வரவில் சேர்த்தது. 1959-ல் செய்கோ 'மேஜிக் லீவர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ரோட்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு நகங்கள் ஒரு பல்சக்கரத்தை மாறி மாறி இழுக்கும், தள்ளும். பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. நம்மூரில் பலர் கையில் பார்த்த செய்கோ 5 கடிகாரங்களின் உழைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்த் திசையில் போனது வால்ஷூ 7750 என்ற குரோனோகிராஃப் எந்திரம். எட்மண்ட் காப்ட் வடிவமைத்து 1974-ல் வந்தது. குவார்ட்ஸ் அலையில் சீக்கிரமே நிறுத்தப்பட்டு, 1980களில் மீண்டும் உயிர் பெற்றது. இதன் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் ஸ்பிரிங்கை முறுக்கும். மறுபக்கம் எந்தச் சுமையும் இல்லாததால் பம்பரம் மாதிரி 'விர்ர்' என்று சுற்றும். கையில் ஒரு துள்ளல்கூடத் தெரியும்.

இங்கே கல்கத்தாவில் என் சக ஊழியர் ஒருவருக்கு இந்த 'விர்ர்'தான் வினையாகப் போனது. ஆசையாக வாங்கிய 7750 கடிகாரம். சத்தம் பிடிக்காமல் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் திறந்து தாராளமாக எண்ணெய் விட்டார்கள். சத்தம் நின்றது. அவருக்கும் பரம சந்தோஷம். ஒரு வாரம் கழித்து, கையில் கட்டியிருக்கும்போதே கடிகாரமும் நின்றது. ராதா பஜாரில் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "தாதா, சத்தம் போட்டுக்கிட்டு வேலை செஞ்சிட்டிருந்த ஆளை வாயைக் கட்டி உட்கார வச்சிட்டாங்க" என்றார், பாதி வங்காளத்திலும் பாதி ஹிந்தியிலும். ஒரு திசையில் பிடித்து மறு திசையில் விட வேண்டிய ரிவர்சிங் சக்கரத்துக்குள் எண்ணெய் நிறைந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய நகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ரோட்டர் மந்தமானதால் சத்தம் குறைந்தது. சாவி ஏறாததால் கடிகாரம் நின்றது. சக்கரத்தைக் கழுவி, அதற்கென்று உள்ள சன்னமான பூச்சில் நனைத்து உலர்த்தி மாட்டினார். 'விர்ர்' திரும்ப வந்தது. ஊழியர் இப்போது அதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

சரி, வீட்டில் நாமே என்ன பார்க்கலாம்? கடிகாரத்தை முகம் நம்மைப் பார்க்க நேராகப் பிடித்து, ஸ்டியரிங் திருப்புவது போல மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டர் எடை காரணமாக எப்போதும் கீழேயே நிற்கப் பார்க்கும். இரண்டு திசையிலும் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உரசல் கேட்டால் அங்கே எதிலோ படுகிறது. கையால் சாவி கொடுக்க வசதி உள்ள கடிகாரம் என்றால், திருகைச் சுற்றும்போது உள்ளே ரோட்டரும் கூடவே சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால் ரிவர்சிங் சக்கரம் ஒட்டுகிறது என்று அர்த்தம். மேற்கொண்டு முறுக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கடையில் பின்மூடியைத் திறந்ததும், அதன் உட்பக்கத்தையும் ரோட்டருக்குக் கீழே உள்ள பிரிட்ஜையும் காட்டச் சொல்லுங்கள். பிறை வடிவில் பளபளப்பாகக் கீறல் இருந்தால் உரசல் உறுதி. ரோட்டரின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இறுக்கினாலே போதும், பத்து நிமிட வேலை. இறுக்கிய பிறகும் விளிம்பு மேலும் கீழும் ஆடினால் தண்டையோ பேரிங்கையோ மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டு அனுப்பினால் பத்து நாளில் திரும்ப வரும். முக்கியமாக, உரசிய கடிகாரத்தில் உலோகத் தூள் உதிர்ந்து மற்ற சக்கரங்களின் எண்ணெயில் கலந்திருக்கும். அதனால் முழு சர்வீஸ் செய்யத்தான் வேண்டும். கேட்கும் பணம் நியாயம்தானா என்று இந்த அடையாளங்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்.

ஸ்விஸ் கடிகாரத்துக்குப் பேரிங் எப்படியும் கிடைக்கும். எனக்குக் கவலை எச்.எம்.டி. பற்றித்தான். சிட்டிசன் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய ஆட்டோமேட்டிக்குகளில் 'காஞ்சன்' மாப்பிள்ளைக்குக் கேட்டு வாங்கிய கடிகாரம். 2016-ல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது தேய்ந்த பாகத்துக்கு மாற்று வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு எச்.எம்.டி.யைப் பிரித்துத்தான் எடுக்கிறார்கள். ஒன்று ஓட இன்னொன்று சாக வேண்டியிருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் டெப்ரிசியேஷன், வருடக் கடைசியில் எழுதும் ஒரு பதிவு. கடிகாரத்தில் அது காதில் விழுகிறது. பீரோவில் அப்பாவின் ஆட்டோமேட்டிக் கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உரசினால் அதைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகாதீர்கள். தண்டு முழுக்கத் தேய்வதற்கு முன் ஒரு நல்ல கைக்குக் கொண்டுபோனால், இன்னொரு கடிகாரத்தைப் பிரிக்காமலே அது ஓடும்.