புற்றுக்காளானும் தரங்கம்பாடி வைத்தியரும்

நல்ல மழை பேஞ்சு ஓய்ஞ்சதும் புற்று ஓரத்திலும் வேலிக்காட்டிலும் முளைக்கிற புற்றுக்காளானை எல்லாருக்கும் தெரியும். அது தானா முளைக்கிறது இல்லீங்க, கரையான் பண்ற வெள்ளாமை. இந்தச் சங்கதி வெளியுலகத்துக்குப் போனதில் தஞ்சாவூர் மண்ணுக்கும் பங்கு உண்டு.

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையிலேயே ஒரு ஏழை வீட்டு அடுக்களை வருது. கரையான் அரிச்ச பழைய சுவர், அந்தப் புழுதியில் பூத்த காளான். ரெண்டையும் ஒண்ணாப் பார்த்த கண்ணு அது.

1768-ல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியரா வந்தவர் கோனிக். தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். இவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளை ஆராய்ஞ்சு, உள்ளே கூட்டில் பூஞ்சை வளர்றதை 1779-ல் பெர்லினில் வந்த கட்டுரையில் எழுதினார். நம்ம ஜனங்க ஈசல் பிடிச்சு மாவு சேர்த்துத் தின்னதையும் குறிச்சு வெச்சார். 1942-ல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ்னு பேர் வெச்சார். கரையான் காளான்னு அர்த்தம்.

கரையான் மரத்தூளையும் காய்ஞ்ச சருகையும் மென்னு, கழிவால் கூடு கட்டும். அதில் பூஞ்சை வளர்ந்து சத்தாக்கும். கரையான் அதைத் தின்னும். மழையில் அந்தப் பூஞ்சைதான் காளானா மேல வருது.

அடையாளம் இதுதான்: குடையின் நடுவில் கூர்மையான முனை. காம்பு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள்ள புற்றுக்கூடு வரைக்கும் போகும். சும்மா பிடுங்கினா பாதியில் அறுந்துடும், பக்கத்து மண்ணைத் தோண்டித்தான் பார்க்கணும். புல்தரையில் இதே மாதிரி பெரிய வெள்ளைக் குடை ஒண்ணு வரும். காம்பில் வளையம் இருக்கும், அடியில் நீள வேர் இருக்காது, முத்தினதும் குடைக்கடி மடிப்பு பச்சையாகும். அது விஷம், வாந்தி பேதியில் கொண்டு போய் விட்டுடும். இந்த அடையாளத்தை மட்டும் நம்பிப் பறிக்காதீங்க. பழகின பெரியவங்க கையில் காட்டி, அவங்க சரின்னு சொன்னா மட்டும் சமைங்க. சந்தேகம்னா தூக்கிப் போட்டுடுங்க.

கடையில் விக்கிற சிப்பிக்காளான் மாதிரி இதைக் கொட்டகையில் வளர்க்க முடியாது. கரையான் வேணும், புற்று வேணும். ஜேசிபி வெச்சு வரப்போரப் புற்றை எல்லாம் சமன் பண்ணிட்டா, அந்த இடத்துக் காளானும் அதோட போச்சு. பயிருக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் ஒரு புற்றையாவது விட்டு வைங்க.